தஸ்தயேவ்ஸ்கியின் "சூதாடி": மேய்ப்புப் பணி நோக்கில் ஒரு திறனாய்வு

1. நோக்கம்

மேய்ப்புப் பணியைப் பயிற்றுவிக்கும் நாம் இலக்கிய நூல்களைப் பெரும்பாலும் எடுத்துக்காட்டுகளுக்காகவே நாடுகிறோம். அருளுரைக்கு ஓர் உவமை வேண்டும்போது நாவலைத் திறக்கிறோம். உவமை கிடைத்ததும் மூடிவிடுகிறோம். இவ்வாறு வாசிக்கப்பட்டுத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட நூல்களுள் ஒன்று, ருஷ்ய எழுத்தாளர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கியின் "சூதாடி" ஆகும். தவறாகப் புரிந்துகொண்டவர்களுள் நாமும் ஒருவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது முறை. பல ஆண்டுகளாக வகுப்பறையில் இந்நூலை "தீயொழுக்கத்தின் கேடு" என்னும் தலைப்பின்கீழ்ப் பாடமாக்கி வந்தோம். சூதாட்ட அடிமைத்தனத்தை ஆராய்ந்தும் அதற்குச் சிகிச்சை அளித்தும் அனுபவம் பெற்ற வல்லுநர்களின் எழுத்துகளைக் கற்ற பின்னரே, நூலில் இருந்தவை எவை, நாம் அதன்மேல் ஏற்றியவை எவை என்பது நமக்குப் புலனாயிற்று. அவ்வல்லுநர்களின் துணையோடு இந்நூலை மறுபடியும் வாசிப்பதும், நூலின் நிறைகுறைகளை மதிப்பிடுவதும், அதனின்று போதகர் கற்கவேண்டியதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. நூலின் பிறப்பும் கதையும்

நூல் பிறந்த வரலாறே ஒரு பந்தயத்தை ஒத்திருக்கிறது. 1865ஆம் ஆண்டில் கடன் நெருக்கடியில் சிக்கியிருந்த தஸ்தயேவ்ஸ்கி, ஸ்தெல்லோவ்ஸ்கி என்னும் பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் புதிய நாவல் ஒன்றைக் கொடாவிடில், அவருடைய எழுத்துகளை ஒன்பது ஆண்டுக்காலம் ஊதியமின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளரைச் சேரும். "குற்றமும் தண்டனையும்" தொடராக வெளிவந்துகொண்டிருந்த ஆண்டு அது. கெடு நெருங்கிய அக்டோபர் மாதத்தில், அன்னா கிரிகோரியெவ்னா என்னும் இருபது வயதுச் சுருக்கெழுத்துப் பெண்மணியின் உதவியால், 26 நாட்களில் சொல்லச் சொல்ல எழுதி முடிக்கப்பட்டதே "சூதாடி". அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இருவரும் மணம் புரிந்துகொண்டனர்.

கதை ரூலட்டன்பர்க் என்னும் கற்பனை ஜெர்மானிய நகரத்தில் நிகழ்கிறது. கடனில் மூழ்கிய ஒரு தளபதியின் குடும்பத்தில் ஆசிரியனாக இருக்கும் அலெக்ஸி இவானோவிச் என்னும் இளைஞன் கதையைத் தன்வாயால் கூறுகிறான். தளபதியின் பொறுப்பில் வளரும் பொலீனாவின்மேல் அவனுக்குப் பித்து. தளபதியோ மாஸ்கோவிலுள்ள முதிய உறவினளின் மரணச் செய்திக்காகவும் அவள் சொத்துக்காகவும் காத்திருக்கிறான். இறந்துபோவாள் என எதிர்பார்க்கப்பட்ட அப்பாட்டி, எழுபத்தைந்து வயதில் நாற்காலியில் சுமக்கப்பட்டு நேரில் வந்து இறங்குகிறாள். வந்தவள் சூதாட்ட மண்டபத்துக்குப் போகிறாள், வெல்கிறாள், பின்பு பெருந்தொகையைத் தோற்றுவிட்டு ஊர் திரும்புகிறாள். அலெக்ஸி ஒரே இரவில் இரண்டு லட்சம் பிராங்கு வெல்கிறான். அதில் ஒரு பகுதியைப் பொலீனாவுக்குக் கொடுக்க, அவள் அதை அவன் முகத்தில் எறிகிறாள். எஞ்சிய பணம் பாரிசில் சில வாரங்களில் கரைகிறது. கதை முடியும்போது அவன் கடனுக்காகச் சிறை கண்டவன். பணியாளாக ஊழியம் செய்து, கிடைத்த சில்லறையைச் சுழல்மேசையில் வைப்பவன். நாளைக்கு எல்லாம் முடிந்துவிடும், நாளைக்குப் புதுமனிதனாவேன் என்ற நினைவோடு அவன் தன் கதையை நிறுத்துகிறான்.

3. நமது பழைய வாசிப்பு

இக்கதையை நாம் கற்பித்த முறை எளிது. பேராசை பாவத்தைப் பிறப்பிக்கும், பாவம் அழிவைப் பிறப்பிக்கும், மனவுறுதி உள்ளவன் விலகுவான், இல்லாதவன் கெடுவான். இவ்வாசிப்பு முழுவதும் பொய்யன்று. ஆயினும் அது நூலின் முதற்பக்கத்துக்கும் கடைசிப் பக்கத்துக்கும் மட்டுமே பொருந்துவது. இடையிலுள்ள நூற்றைம்பது பக்கங்களுக்கு அதில் வேலையே இல்லை.

இக்குறை வகுப்பறையோடு நின்றிருப்பின் கேடில்லை. 2021ஆம் ஆண்டில், கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடிக் கடன்பட்ட ஒருவர் நம்மிடம் வந்தார். நல்ல வேலையிலிருந்தவர், ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருபவர். கண்ணீரோடு அறிக்கையிட்டார், இனி அதைத் தொடுவதில்லை என்று திருமறையின்மேல் கைவைத்துச் சொன்னார். நாம் மகிழ்ந்தோம். சபையாரில் வசதியுள்ள சிலரிடம் பேசி, வட்டிக்குக் கொடுத்தவர்களின் கடனை அடைத்தோம். இரண்டு மாதத்துக்குள் முன்னிலும் பெரிய கடன் அவர்மேல் நின்றது. மறுபடியும் அறிக்கை, மறுபடியும் கண்ணீர், மறுபடியும் நமது உதவி. மூன்றாம் முறை வந்தவர் அவருடைய மனைவி. "ஐயா, நீங்கள் கடனை அடைத்தீர்கள், அதனால் அவருக்கு மறுபடியும் கடன் கிடைத்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அந்த அம்மையாருக்குச் சொல்ல அன்று நம்மிடம் விடை இல்லை. விடை தேடியே வல்லுநர்களின் நூல்களை நாடினோம்.

4. உளப்பகுப்பாய்வாளரின் வாசிப்பு

இந்நூலாசிரியரைப் பற்றி எழுதிய முதல் வல்லுநர்களுள் தலையாயவர் சிக்மண்ட் பிராய்டு. 1928ஆம் ஆண்டில் வெளிவந்த "தஸ்தயேவ்ஸ்கியும் தந்தைக் கொலையும்" என்னும் கட்டுரையில், தஸ்தயேவ்ஸ்கியின் சூதாட்டம் குற்றவுணர்வின் விளைவு என்றும், தோல்வி அவருக்குத் தண்டனையாகப் பயன்பட்டது என்றும், எல்லாவற்றையும் இழந்த பின்னரே அவர் எழுத்து வேகம் பெற்றது என்றும் அவர் கூறினார். அவர்வழி வந்த எட்மண்ட் பெர்க்ளர் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட "சூதாட்டத்தின் உளவியல்" என்னும் நூலில், சூதாடி உள்ளுக்குள் தோற்கவே விரும்புகிறான் என்று முடிவு கட்டினார்.

போதகருக்கு இக்கொள்கை கவர்ச்சியானது. குற்றவுணர்வு, தண்டனை என்னும் சொற்கள் நமக்குப் பழகியவை அல்லவா? ஆயினும் நூலை ஊன்றி வாசிப்பவர் இதனை ஏற்பது அரிது. அலெக்ஸி தோற்க விரும்புவதாக நூலில் எங்கும் இல்லை. வென்ற இரவின் ஒவ்வொரு திருப்பமும் அவன் நினைவில் நிற்கிறது. கதையின் இறுதியில் அவன் பற்றிக்கொண்டிருப்பதும் ஒரு வெற்றியின் நினைவே. கையிலிருந்த கடைசி நாணயத்தோடு உணவுக்குப் போகப் புறப்பட்டு, திரும்பி வந்து, அதை வைத்து வென்ற நாளை அவன் மறக்க இயலவில்லை. பிராய்டு நூலாசிரியரை ஆராய்ந்தார், மேசையை ஆராயவில்லை. சூதாடியின் உள்ளத்தில் மறைந்திருப்பதைத் தேடியவர், அவன் கண்முன் சுழன்றதைக் காணத் தவறினார் எனலாம். நமது பழைய வாசிப்பின் குறையும் இதுவே. நாம் பாவத்தைத் தேடினோம், அவர் தந்தையைத் தேடினார். சூதாட்டம் எப்படி நடைபெறுகிறது என்று இருவருமே கேட்கவில்லை.

5. அனுபவத்தால் கற்ற வல்லுநர்

இக்கேள்வியைக் கேட்டவர்கள், சூதாடிகளின் பேச்சைச் செவிமடுக்கப் பொறுமை கொண்டவர்களே. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில், மது அடிமைகளின் தோழமைச் சங்கத்தைப் பின்பற்றி, சூதாடிகள் தமக்குள் ஒரு தோழமையை நிறுவினர். அத்தோழமையைச் சேர்ந்தோர் ஒஹாயோ மாநிலத்தின் பிரெக்ஸ்வில் என்னுமிடத்து முன்னாள் படைவீரர் மருத்துவமனையை அணுகி உதவி கேட்டதன் விளைவாக, 1972ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் ராபர்ட் கஸ்டர் அங்கே சூதாடிகளுக்கெனத் தனிச் சிகிச்சையைத் தொடங்கினார். நோயாளர் கதவைத் தட்ட, மருத்துவர் திறந்தார் என்பதை நாம் கருத்திற் கொள்ளவேண்டும். சூதாடியின் வாழ்வு வெற்றி, தோல்வி, நம்பிக்கையிழப்பு என்னும் மூன்று கட்டங்களாய்ச் செல்வதை அவர் விளக்கினார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட நோய்க் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இந்நிலை முதன்முறை இடம்பெற்றதற்கு அவருடைய உழைப்பு பெருங்காரணம். 2013ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு இதனை மது, போதை அடிமைத்தனங்களின் வரிசையிலேயே சேர்த்தது.

கஸ்டர் கூறிய கட்டங்களை அறிந்து "சூதாடி"யைத் திறப்பவர் வியப்படைவார். தொடக்கத்தில் ஒரு பெருவெற்றி, அது இயல்பானது, தனக்கு உரியது என்ற எண்ணம், பின்பு தோல்வி, தோல்வியை மறைத்தல், கடன், சிறை, ஊழியம். நூறாண்டுக்குப் பின் மருத்துவமனையில் எழுதப்பட்ட குறிப்புகளை, 1866இல் ஒரு சூதாடி தன் அனுபவத்திலிருந்து முன்னரே சொல்லி எழுதுவித்திருக்கிறார்.

சமூகவியலார் ஹென்றி லெஸியர், சூதாடிகளை நேர்கண்டு 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்குத் "துரத்தல்" என்று பெயரிட்டார். இழந்த பணத்தை மீட்க மேலும் ஆடுவதே இவ்வடிமைத்தனத்தின் உயிர்நிலை என்பது அவர் கண்ட உண்மை. சம்பளம், சேமிப்பு, உறவினர், வங்கி, வட்டிக்காரர் என்று ஒவ்வொரு வழியாக அடைபட, எஞ்சிய வழி முன்னதைவிடக் கேடானதாக இருக்கிறது. திருடனல்லாத ஒருவன் ஒருநாள் அலுவலகப் பணத்தில் கைவைப்பது இப்படித்தான். திருக்குறளைக் கற்ற நமக்கு இது புதிதாக இருந்திருக்கக் கூடாது. சூதாடிக்குப் பொருள் குறையக் குறைய நாட்டம் வளர்கிறது என்பதை அந்த அதிகாரத்தின் இறுதிக் குறள் உவமையாகவே ஆள்கிறது. 94ஆம் அதிகாரமாகிய சூதைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்த வைப்புமுறையும் எண்ணத்தக்கது. இடத்தை நாம் அறிந்திருந்தோம். அதன் இருபுறமும் இருந்தவற்றை நோக்கவில்லை.

6. பாட்டியும் சுழியமும்

நூலின் மிகச் சிறந்த பகுதி பாட்டி ஆடும் காட்சிகளே என்பது நமது மதிப்பீடு. அவற்றை நாம் முன்பு நகைச்சுவை என்று கருதித் தாண்டிச் சென்றோம். மண்டபத்துள் நுழைந்த பாட்டி, சுழியம் என்னும் எண்ணைப் பற்றிக் கேட்கிறாள். அவ்வெண் விழுந்தால் மேசையிலுள்ள பணம் பெரும்பாலும் நடத்துவோரைச் சேரும் என்றும், அதன்மேல் வைத்தவருக்கு முப்பத்தைந்து மடங்கு கிடைக்கும் என்றும் அலெக்ஸி விளக்குகிறான். உடனே பாட்டி சுழியத்தின்மேல் வைக்கத் தொடங்குகிறாள். அவன் தடுத்தும் கேளாள். சுழியம் விழுகிறது, மறுபடியும் விழுகிறது. அந்த நிமிடத்தில் அவள் சிக்கிவிடுகிறாள்.

இக்காட்சியின் நுட்பத்தைக் கணக்குத் தெரிந்தவரே சுவைப்பர். சுழல்மேசையில் 0 முதல் 36 வரை 37 எண்கள் உள்ளன. வென்ற எண்ணுக்கு 35 மடங்கும் வைத்த பணமும் கிடைக்கும். ஆகவே நெடுங்காலம் ஆடுபவன் வைக்கும் ஒவ்வொரு 37 நாணயத்துக்கும் 36 நாணயமே திரும்பும். அந்த ஒரு நாணயமே நடத்துவோரின் செல்வம். அதனை அவர்களுக்கு ஈட்டித் தருவது சுழியம். பாட்டி வேறெந்த எண்ணையும் விட்டு, மண்டபத்துக்குச் சோறிடும் எண்ணையே தன் நற்பேறாகக் கொள்கிறாள். தஸ்தயேவ்ஸ்கி இதற்கு விளக்கவுரை எதுவும் எழுதவில்லை; எழுதாதது அவர் கலைத்திறன்.

பிற்கால ஆய்வாளர் இக்காட்சிக்கு உரை எழுதினர் என்றே சொல்லலாம். எல்லன் லாங்கர் 1975ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு டாலர் விலையுள்ள பரிசுச்சீட்டைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அதனை விற்கச் சராசரியாக 8.67 டாலர் கேட்டனர். பிறர் கையால் பெற்றவர்கள் 1.96 டாலரே கேட்டனர். தன் கை பட்டதால் சீட்டின் நற்பேறு கூடுவதில்லை. ஆயினும் மனம் அப்படி நம்புகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்து உளவியலார் ராபர்ட் லாதூசர், ஆடும்போது எண்ணுவதை உரக்கச் சொல்லும்படி ஆட்டக்காரரைக் கேட்டு, அவர்களுடைய எண்ணங்களில் பிழையானவை மிகுந்திருப்பதைக் கண்டார். முந்தின சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் தொடர்புண்டு என்பதே அவற்றுள் தலைமையான பிழை. அவர் அமைத்த சிகிச்சையின் மையம், இப்பிழையை ஆட்டக்காரரே கண்டு திருத்திக்கொள்ளச் செய்வதாகும். "பேராசைப்படாதே" என்று நாம் போதித்தோம். சூதாடியோ தன்னைப் பேராசைக்காரன் என்று எண்ணுவதில்லை, முறையறிந்தவன் என்று எண்ணுகிறான். ஆதலின் நமது போதனை அவன் காதில் விழவேயில்லை.

பாட்டியின் முடிவும் கருதத்தக்கது. கல்லால் கோயில் கட்டுவதாக நேர்ந்திருந்தவள் பெருந்தொகையை இழந்தபின், தன் மதியீனத்தை ஒப்புக்கொண்டு, வழிச்செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு மாஸ்கோவுக்குத் திரும்பிவிடுகிறாள். அலெக்ஸி திரும்புவதில்லை. ஒரே மேசையில் ஒரே வெறியோடு ஆடிய இருவர். ஒருவர் எழுந்துபோக, மற்றவர் இருந்துவிடுகிறார். சூதாடிகள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர் என்பதை அலெக்ஸ் பிளாஷின்ஸ்கி, லியா நோவர் ஆகிய இருவரும் 2002ஆம் ஆண்டில் வகுத்துரைத்தனர். பழக்கத்தால் சிக்கியவர் ஒருவகை. முன்னரே துயரும் கலக்கமும் கொண்டு, அவற்றை மறக்க ஆடுபவர் ஒருவகை. அடக்கமின்மை வாழ்வின் எல்லாத் துறையிலும் தோன்றுபவர் ஒருவகை. எல்லாருக்கும் ஒரே அருளுரை, ஒரே ஜெபம், ஒரே அறிவுரை என்று கொடுத்துவந்த நமக்கு இவ்வகைப்பாடு ஒரு கடிந்துரை.

7. ஆஸ்ட்லி கொடுத்த பத்து நாணயம்

இறுதி அதிகாரத்தில் ஆஸ்ட்லி என்னும் ஆங்கிலேயன் அலெக்ஸியைச் சந்திக்கிறான். பொலீனா அவனை நேசிக்கிறாள் என்ற செய்தியைச் சொல்கிறான். பின்பு பத்துப் பொன் நாணயத்தை மட்டும் கொடுக்கிறான். மிகுதியாகக் கொடுத்தாலும் இப்போது அலெக்ஸிக்கு அது பத்து நாணயத்துக்குச் சமமே, எப்படியும் தோற்றுவிடுவான் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறான்.

ஆஸ்ட்லியை நாம் கல்நெஞ்சன் என்று பலமுறை கண்டித்திருக்கிறோம். இன்று அக்கண்டனத்தை மீளப்பெறுகிறோம். கடனை மற்றவர் அடைத்துவிடுதல் சூதாடிக்கு மற்றுமொரு வெற்றிக்குச் சமம் என்பது சிகிச்சையாளரின் அனுபவம். ஆட்டத்தின் விளைவு அவனைத் தொடாமல் போகிறது. அடைபட்ட வழி மறுபடியும் திறக்கிறது. வியாச பாரதத்தில் முதற்சூதில் இழந்த அனைத்தையும் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்துவிட, தருமன் அழைப்பை ஏற்று மறுபடியும் ஆடப்போனான் அல்லவா? ஆதலின் வல்லுநர் கூறும் முறை வேறு. கடன் முழுவதையும் எழுத்தில் கொண்டுவருவது. தவணையாக அவனே அடைக்கச் செய்வது. வரவுசெலவைச் சிலகாலம் நம்பத்தக்க ஒருவர் கையில் ஒப்படைப்பது. குடும்பத்தின் உணவையும் பிள்ளைகளின் கல்வியையும் முதலில் காப்பது. நமது இரக்கம் தவறன்று. அது போன வழி தவறு.

ஆயினும் ஆஸ்ட்லியையும் நாம் முழுவதும் ஏற்பதற்கில்லை. உண்மையைச் சொன்னவன், சொல்லிவிட்டு விடைபெற்றுப் போய்விடுகிறான். பணத்தைக் கொடாதிருப்பது பாதி உதவியே; உடனிருப்பது மறுபாதி. இந்த வேறுபாட்டைச் செயலில் காட்டியவர் பிரிட்டிஷ் மெதடிஸ்ட் குருவானவர் கார்டன் மூடி. சூதாட்டத்தைப் பற்றிய திருச்சபைகளின் ஆலோசனை மன்றத்தில் செயலராயிருந்த அவர், எதிர்ப்புரைகளோடு நிறைவடையாமல், 1964ஆம் ஆண்டில் சூதாடிகளின் தோழமை பிரிட்டனில் தொடங்கத் துணைநின்றார். 1971ஆம் ஆண்டில் அவர்கள் தங்கி மீள்வதற்கு ஒரு விடுதியும் ஏற்பட்டது. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் இன்றும் அப்பணியைச் செய்துவருகிறது. அவர் கொடுத்தது பணமன்று, தங்குமிடமும் தோழமையும்.

8. நூல் சொல்லாதது

"சூதாடி"யின் பெருங்குறை ஒன்றைச் சுட்டாமல் விடலாகாது. அதில் சூதாடிக்கு வீடில்லை. மனைவியில்லை, பிள்ளையில்லை, முதிய பெற்றோரில்லை. அலெக்ஸி தன்னை மட்டுமே அழித்துக்கொள்கிறான் என்ற எண்ணத்தை நூல் தருகிறது. ருஷ்யன் எல்லையற்றவன், ஜெர்மானியன் சேமிப்பவன் என்று இனங்களின் குணம் பேசும் பகுதிகள், அவன் வீழ்ச்சிக்கு ஒரு வீரச்சாயலையும் பூசுகின்றன. உண்மை நிலை வேறு. சிக்கலுக்குள்ளான ஒரு சூதாடியால் ஏறத்தாழ ஆறுபேர் பாதிக்கப்படுகின்றனர் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் கணித்தனர். அந்த ஆறுபேர் நூலில் இல்லை.

ஆனால் நூலைச் சொல்லச் சொல்ல எழுதிய கை அவர்களுள் ஒருவருடையதாக மாறிற்று. மணமான ஆண்டிலேயே பாடன் நகரில் கணவர் ஆடித் தோற்க, அன்னா தம் அணிகலன்களையும் திருமண மோதிரத்தையும் அடகுக்கு அனுப்பினார். அந்நாட்களின் துயரைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். "சூதாடி"யை வாசிப்பவர் அன்னாவின் குறிப்புகளையும் உடன் வாசிக்கவேண்டும் என்று நாம் இப்போது மாணவருக்குக் கூறுகிறோம். நாவல் மேசையின் உட்பக்கத்தைக் காட்டுகிறது. குறிப்பேடு, அறையில் காத்திருப்பவளின் பக்கத்தைக் காட்டுகிறது.

நூல் சொல்லாத இன்னொன்று மீட்பு. அலெக்ஸியின் "நாளை" வருவதில்லை. தஸ்தயேவ்ஸ்கிக்கோ வந்தது. 1871 ஏப்ரலில் விஸ்பாடன் நகரில் ஆடித் தோற்றதே அவருடைய கடைசி ஆட்டம், பத்தாண்டுகளாக வாட்டிய மயக்கம் நீங்கிற்று என்று மனைவிக்கு எழுதினார், எழுதியபடியே நின்றது. முன்னரும் பலமுறை அவர் இவ்வாறு எழுதியதுண்டு. இம்முறை நிலைத்ததன் காரணத்தை அற்புதம் என்று சொல்லி நாம் கடந்துவிடலாம். ஆயினும் நிகழ்ந்தவற்றை நோக்கவேண்டும். அவ்வாண்டு ஜூலையில் குடும்பம் ருஷ்யாவுக்குத் திரும்பியது. 1872ஆம் ஆண்டின் முடிவில் ஜெர்மனியின் சூதாட்ட மண்டபங்கள் சட்டத்தால் மூடப்பட்டன. கடன்காரரை அன்னாவே எதிர்கொண்டார். 1873ஆம் ஆண்டில் கணவரின் நாவலைத் தாமே பதிப்பித்து விற்கத் தொடங்கி, வரவுசெலவைத் தம் கையில் வைத்துக்கொண்டார். ஆட்டம் எட்டாத தொலைவு, பணம் மற்றொருவர் கையில், செய்ய நிறைந்த வேலை, கைவிடாத துணை: சிகிச்சையாளர் இன்று கூறும் அறிவுரைகளுள் பெரும்பகுதி இதில் அடங்கிவிடுகிறது. அமெரிக்காவில் எடுக்கப்பட்ட இரு தேசியக் கணக்கெடுப்புகளை ஆராய்ந்த வெண்டி ஸ்லட்ஸ்கி, கடுமையாகச் சிக்கியவருள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் முறையான சிகிச்சையின்றியே மீண்டனர் என்று 2006ஆம் ஆண்டில் தெரிவித்தார். ஆகவே நம்பிக்கை உண்டு. அதே ஆண்டில் நான்சி பெட்ரி 231 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு, தோழமைச் சங்கத்துக்கு அனுப்புவதோடு, எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் எட்டுவாரச் சிகிச்சையும் சேர்ந்தால் பயன் மிகும் என்று காட்டியது. ஆகவே திறமையும் வேண்டும்.

9. இக்காலச் சுழல்மேசை

ரூலட்டன்பர்குக்குப் போக ரயில் ஏறவேண்டியிருந்தது. இன்றைய மேசை சட்டைப்பையில் இருக்கிறது. லாஸ் வேகாஸ் நகரின் சூதாட்ட இயந்திரங்களைப் பல ஆண்டு ஆராய்ந்து நடாஷா டவ் ஷூல் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், மணிக்கு நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடச்செய்யும் இயந்திரத்தின் முன் மனிதர் வெல்வதற்காகவன்று, உலகை மறந்து ஆடிக்கொண்டேயிருப்பதற்காகவே ஆடுகின்றனர் என்று காட்டுகிறது. பெருவெற்றியின் இரவில் பொலீனாவையே மறந்துவிடும் அலெக்ஸியை இங்கே நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் ஷூலின் நூல் ஒருபடி மேலே செல்கிறது: இம்மறதி தற்செயலன்று, திட்டமிட்டுச் செய்யப்படுவது. இருக்கையும் ஒளியும் ஓசையும் அதற்கென்றே அமைக்கப்படுகின்றன. குற்றம் முழுவதையும் சூதாடியின் உள்ளத்தில் தேடிய நமக்கு, வலை விரிப்பவனும் உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது.

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டில் பரிசுச்சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2022ஆம் ஆண்டில் சட்டமன்றம் சட்டமுன்வடிவை நிறைவேற்றியது. 2023ஆம் ஆண்டில் ஆளுநரின் இசைவு பெற்றது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. இவற்றை வரவேற்கிறோம். ஜெர்மனியின் மண்டபங்கள் மூடப்பட்டதால் நேர்ந்த நன்மையை மேலே கண்டோம். ஆயினும் கதவை அடைத்த பின்னும், கதவுக்குள் ஏற்கெனவே விழுந்தவர் இருக்கின்றனர். சூதாட்ட நோய்க்குச் சிகிச்சை பெற்றோரைப் பற்றி 2018ஆம் ஆண்டில் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வு, தற்கொலையால் இறப்போர் அவர்களிடையே பொதுமக்களைவிட ஏறத்தாழ பதினைந்து மடங்கு மிகுந்திருந்தனர் என்று கண்டது. ஆகவே சூதாடி ஒருவர் நம்மிடம் வந்தால், கடன் எவ்வளவு என்று கேட்பதற்கு முன், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று தெளிவாகக் கேட்கவேண்டும். கேட்பதால் அவ்வெண்ணம் பிறப்பதில்லை. கேளாததால் அது வெளிவராமல் போகிறது.

10. முடிவுரை

நோய் என்று சொல்வதால் பொறுப்பு இல்லாமற் போய்விடுமா என்று சிலர் வினவுவர். வல்லுநரின் சிகிச்சை முழுவதும் சூதாடியின் பொறுப்பின்மேலேயே எழுப்பப்பட்டிருக்கிறது என்பதே நமது விடை. கடனை அவனே அடைக்கவேண்டும் என்பவர் அவர். அவனுக்காக அடைத்துவிட்டவர் நாம். பொறுப்பை மதித்தவர் யார்?

"சூதாடி"யைப் பற்றிய நமது மதிப்பீடு இது. சூதாட்டம் மனிதனுள் எவ்வாறு இயங்குகிறது என்பதைக் காட்டுவதில் அதற்கு இணையான நூல் அரிது. வீட்டாரின் துயரைக் காட்டுவதில் அது குறையுடையது. மீளும் வழியைக் காட்டுவதில் மௌனமானது. முன்னதை அந்நூலிடமும், நடுவதை அன்னாவிடமும், பின்னதைச் சிகிச்சையாளரிடமும் கற்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. விஸ்பாடனில் அனைத்தையும் இழந்த அந்த இரவில் தஸ்தயேவ்ஸ்கி ருஷ்ய மதகுருவின் இல்லத்தைத் தேடி ஓடினார் என்று அவருடைய கடிதம் கூறுகிறது. அறியாத இருண்ட தெருக்களில் ஓடி, ருஷ்ய ஆலயம் என்று எண்ணி நெருங்கியது யூதரின் ஜெப ஆலயமாயிருந்தது. அதைக் கண்டு திரும்பிவிட்டார். அவர் சரியான கதவைக் கண்டு தட்டியிருந்தால் அந்த மதகுரு என்ன செய்திருப்பார்? கடிந்திருப்பாரா, பணம் கொடுத்திருப்பாரா, உட்காரவைத்துக் கேட்டிருப்பாரா? அதனை அறிய வழியில்லை. நம் வீட்டுக் கதவு தட்டப்பட்டபோது நாம் செய்தது என்ன என்பது மட்டும் நமக்குத் தெரியும். நாம் முன்பு குறிப்பிட்ட குடும்பத்தின் கணக்கேடு இப்போது அந்த அம்மையாரின் கையில் இருக்கிறது. கணவர் மனநல மருத்துவரிடம் போய்வருகிறார். இடையில் ஒருமுறை விழுந்தார், மறுபடியும் எழுந்திருக்கிறார். மாதந்தோறும் ஒருநாள் மாலையில் நாம் அவ்வில்லத்துக்குச் செல்கிறோம். பணம் கொண்டுபோவதில்லை. முதலில் அம்மையாரிடம் பேசுகிறோம்.